நாற்பத்து நான்காம் எண் சட்டை

நுழையும்முன்

"கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை" என்பது தமிழ் மக்களிடையே வழங்கும் பழமொழி. அரும்பாடுபட்டு உழைத்த ஒருவர், பயனைப் பெறும் வேளையில் அதை இழக்க நேர்ந்தால் இப்பழமொழியைக் கூறுவர். அமெரிக்க நாட்டுக் கல்லூரி விளையாட்டு வீரர் எர்னி டேவிஸின் வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு முதலில் இப்பழமொழியே நினைவுக்கு வரும். ஆனால், டேவிஸ் தம் வாழ்க்கையை அவ்வாறு எண்ணவில்லை. அவர் ஏன் அவ்வாறு எண்ணவில்லை என்பதை இப்பாடத்தின் வழியே அறிவோம்.

களமும் ஆட்டமும்

உலகின் பெரும்பகுதியில் கால்பந்து என்றால் காலால் உதைத்து ஆடும் ஆட்டமே நினைவுக்கு வரும். அமெரிக்கக் கால்பந்து அதனின்றும் வேறானது. அதில் பந்து நீள்வட்ட வடிவமானது. ஆட்டக்காரர்கள் அதனைக் கையில் ஏந்தி ஓடுவர், எறிவர், பிடிப்பர். ஓர் அணிக்குப் பதினொருவர் களத்தில் நிற்பர். ஒரு முனைக்கோட்டிலிருந்து மறு முனைக்கோடு வரை ஆடுகளத்தின் நீளம் 100 கஜம். ஏறக்குறைய 91 மீட்டர்.

பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள் தரப்படும். அந்நான்கு வாய்ப்புகளுக்குள் அவ்வணி குறைந்தது 10 கஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மீண்டும் நான்கு வாய்ப்புகள் கிடைக்கும். இல்லையேல் பந்து எதிரணிக்குச் சென்றுவிடும். எதிரணியின் முனைக்கோட்டைப் பந்துடன் கடந்துவிட்டால், அது 'டச்டவுன்' எனப்படும். அதற்கு 6 புள்ளிகள் உண்டு.

கபடி ஆட்டத்தில் பாடிச் செல்பவர் எதிரணியினரின் பிடிக்குத் தப்பித் தம் எல்லைக்குத் திரும்புவார். அமெரிக்கக் கால்பந்தில் பந்தை ஏந்தியவர் திரும்புவதில்லை. தம்மை மடக்கி வீழ்த்த வருவோரை விலக்கியும் வளைந்தும் தாண்டியும் அவர் முன்னோக்கியே ஓட வேண்டும். பத்து அடி ஓடுவதற்குள் பலமுறை மோதுண்டு விழ நேரும். விழுந்த இடத்திலிருந்து அடுத்த வாய்ப்பு தொடங்கும். இவ்வாறு பந்தை ஏந்தி ஓடும் பொறுப்பே எர்னி டேவிஸுக்கு உரியதாக இருந்தது.

அமெரிக்காவில் கல்லூரி அணிகளின் ஆட்டத்திற்குத் தனிச்சிறப்பு உண்டு. இலையுதிர் காலத்துச் சனிக்கிழமைகளில் பல்கலைக்கழக அரங்குகள் மக்களால் நிரம்பி வழியும். கல்லூரியில் புகழ்பெறும் வீரர்கள் படிப்பு முடிந்தபின் ஊதியம் பெற்று ஆடும் தொழில்முறை அணிகளில் சேர்வர். ஆகவே, கல்லூரி ஆட்டத்தைத் தொழில்முறை ஆட்டத்திற்குச் செல்லும் படிக்கட்டாகவே பலரும் கருதுவர்.

திக்கிய நாவும் ஓடிய காலும்

எர்னி டேவிஸ் 1939ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள நியூ சேலம் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவர் பிறப்பதற்கு முன்பே தந்தை விபத்தில் இறந்துவிட்டார். தந்தையின் முகத்தை அவர் கண்டதேயில்லை. யூனியன்டவுன் என்னும் ஊரில் தாய்வழிப் பாட்டனும் பாட்டியும் அவரை வளர்த்தனர். அது நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த பகுதி. பாட்டனும் சுரங்கத் தொழிலாளியே. வசதி குறைவான வீடு. ஆயினும் ஒழுங்கும் அன்பும் நிறைந்த வீடு.

சிறுவன் எர்னிக்குப் பேச்சு தடையின்றி வரவில்லை, சொற்கள் திக்கின. மனத்தில் உள்ளதைச் சொல்ல முயலும்போது நாவு தடுமாறும் சிறுவர்கள் பெரும்பாலும் மௌனத்தையே நாடுவர். எர்னியும் அமைதியான சிறுவனாகவே வளர்ந்தான்.

பன்னிரண்டாம் வயதில் எர்னியின் வாழ்க்கையில் பெரிய மாற்றம் ஏற்பட்டது. நியூயார்க் மாநிலத்தின் எல்மைரா நகரில் தாயும் மாற்றுத்தந்தையும் வாழ்ந்துவந்தனர். அவர்களுடன் வாழ எர்னி அங்கே சென்றான். பாட்டனும் பாட்டியும் இருந்த வீட்டை விட்டு, பழகிய தெருக்களை விட்டு, புதிய ஊருக்கும் புதிய பள்ளிக்கும் செல்வது எந்தச் சிறுவனுக்கும் எளிதன்று. பேச்சால் நட்பைத் தேடத் தயங்கியவனுக்கு எல்மைராவின் விளையாட்டுக் களங்கள் துணையாயின.

எல்மைரா ஃப்ரீ அகாடமி என்னும் உயர்நிலைப் பள்ளியில் டேவிஸ் அமெரிக்கக் கால்பந்து, கூடைப்பந்து, பேஸ்பால் ஆகிய மூன்று விளையாட்டுகளிலும் சிறந்து விளங்கினார். நிற்காமல் விரையும் ஓட்டத்தால் அவர் 'எல்மைரா எக்ஸ்பிரஸ்' என்னும் பட்டப்பெயரைப் பெற்றார்.

ஒருவர் அழைத்தார், ஒருவர் வந்தார்

பள்ளிப் படிப்பு முடியும் தறுவாயில் பல கல்லூரிகள் டேவிஸைத் தம் அணியில் சேர்த்துக்கொள்ள விரும்பின. அவற்றுள் நியூயார்க் மாநிலத்தில் உள்ள சிராக்கியூஸ் பல்கலைக்கழகமும் ஒன்று. அதன் பயிற்சியாளர் பென் ஸ்வார்ட்ஸ்வால்டர். இரண்டாம் உலகப்போரில் வான்குடைப் படைவீரராகப் பணியாற்றியவர் அவர். கண்டிப்புக்குப் பெயர் பெற்றவர்.

அப்பல்கலைக்கழகத்தில் முன்னர்ப் பயின்று பெரும்புகழ் பெற்றவர் ஜிம் பிரவுன். அவரும் கறுப்பினத்தைச் சேர்ந்தவர். தம் கல்லூரி நாட்களில் நிறவேற்றுமையின் கசப்பை உணர்ந்தவர். அப்படியிருந்தும், டேவிஸ் சிராக்கியூஸில் சேரவேண்டும் என்று பிரவுனே அவரிடம் நேரில் எடுத்துரைத்தார். டேவிஸ் இசைந்தார். ஜிம் பிரவுன் அணிந்திருந்த 44ஆம் எண் சட்டை டேவிஸுக்கு வழங்கப்பட்டது. முன்னோரின் பெயரைப் பேரப்பிள்ளைக்குச் சூட்டுவதைப் போன்றது அது. பெயருடன் பொறுப்பும் சேர்ந்தே வந்தது.

அக்கால விதிப்படி முதலாண்டு மாணவர்கள் கல்லூரியின் முதன்மை அணியில் ஆட இயலாது. எனவே, டேவிஸ் ஓராண்டு காத்திருந்தார். 1959ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில்தான் அவர் முதன்மை அணியில் களம் இறங்கினார். அப்பருவத்தில் அவர் 98 முறை பந்தை ஏந்தி ஓடி 686 கஜம் முன்னேறினார். ஒவ்வொரு முறையும் சராசரியாக 7 கஜம்! நான்கு வாய்ப்புகளில் 10 கஜம் முன்னேறினாலே போதும் என்னும் ஆட்டத்தில் இது வியப்புக்குரிய அளவாகும். அப்பருவத்தின் பத்து ஆட்டங்களிலும் சிராக்கியூஸ் அணி வென்றது.

டல்லாஸ் நகரில்

பருவத்தின் இறுதியில் சிறந்த அணிகள் சிறப்பு ஆட்டங்களுக்கு அழைக்கப்படும். அவற்றுள் ஒன்றான 'காட்டன் பௌல்' ஆட்டம் டெக்சாஸ் மாநிலத்தின் டல்லாஸ் நகரில் 1960ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் நடைபெற்றது. சிராக்கியூஸை எதிர்த்து ஆடியது டெக்சாஸ் பல்கலைக்கழக அணி. அவ்வணியில் அப்போது கறுப்பினத்தவர் ஒருவர்கூட இல்லை. தென்மாநிலக் கல்லூரிகள் பலவற்றின் நிலையும் அதுவே. அந்நாளில் தென்மாநிலங்களின் உணவகங்களிலும் தங்கும் விடுதிகளிலும் கறுப்பினத்தவர் விலக்கியே வைக்கப்பட்டனர்.

காலின் தசைநாரில் ஏற்பட்ட காயத்துடனே டேவிஸ் களம் இறங்கினார். ஆட்டம் தொடங்கிய சில நொடிகளிலேயே, சக வீரர் கெர் ஷ்வேடஸ் எறிந்த பந்தைப் பற்றிக்கொண்டு எதிரணியின் முனைக்கோட்டைக் கடந்தார். அந்த ஒரே முயற்சியில் அணி முன்னேறிய தொலைவு 87 கஜம். பின்னர் மற்றொரு டச்டவுனையும் அவர் அடித்தார். அந்நாளில் தாக்கும் வீரர்களே தடுப்பிலும் ஆடினர். ஆகவே, எதிரணி எறிந்த பந்தை இடைமறித்துப் பிடிக்கும் வாய்ப்பும் டேவிஸுக்குக் கிட்டியது. சிராக்கியூஸ் 23க்கு 14 என்னும் புள்ளிக்கணக்கில் வென்றது. அப்பருவத்தின் நாட்டுச் சாம்பியன் என்னும் பெருமையும் அவ்வணிக்கு உரியதாயிற்று. அப்பல்கலைக்கழகம் அமெரிக்கக் கால்பந்தில் பெற்ற ஒரே நாட்டுச் சாம்பியன் பட்டம் இன்றளவும் அதுவே.

ஆட்டத்தின் சிறந்த வீரராக டேவிஸ் தேர்ந்தெடுக்கப்பட்டார். அன்றிரவு விருது வழங்கும் விருந்து ஏற்பாடாகியிருந்தது. ஆனால், டேவிஸிடம் கூறப்பட்ட செய்தி வேறாக இருந்தது. விருதைப் பெற்றுக்கொள்ளலாம், பெற்றவுடன் அரங்கை விட்டு வெளியேறிவிட வேண்டும். வெற்றிக்குக் காரணமானவர் வெற்றி விருந்தில் அமர்ந்து உண்ணக்கூடாது. காரணம், அவரது தோலின் நிறம் ஒன்றே.

இந்நிகழ்ச்சிக்குச் சரியாக ஒரு மாதத்திற்குப் பின், 1960 பிப்ரவரி முதல் நாள், வடகரோலினா மாநிலத்தின் கிரீன்ஸ்பரோ நகரில் கறுப்பின மாணவர்கள் நால்வர் ஒரு கடையின் உணவு மேசையில் அமர்ந்தனர். வெள்ளையருக்கு மட்டுமே உணவு பரிமாறப்பட்ட அவ்விடத்தில், உணவு மறுக்கப்பட்டும் அவர்கள் எழுந்து செல்லவில்லை. அவர்களும் கல்லூரி மாணவர்களே. டேவிஸின் வயதை ஒத்தவர்களே. அவர்களின் அமைதிப் போராட்டம் பல நகரங்களுக்குப் பரவியது. பொது இடங்களில் நிறவேற்றுமையைத் தடைசெய்யும் குடியுரிமைச் சட்டம் 1964ஆம் ஆண்டில் நிறைவேறியது. அதனைக் காண டேவிஸ் உயிருடன் இல்லை.

ஹெய்ஸ்மேன் கோப்பை

விருந்தில் நேர்ந்த அவமதிப்பு டேவிஸின் ஓட்டத்தை நிறுத்தவில்லை. 1960ஆம் ஆண்டுப் பருவத்தில் அவர் 112 முறை ஓடி 877 கஜம் முன்னேறினார். 1961ஆம் ஆண்டில் எதிரணிகள் அனைத்தும் அவரையே குறிவைத்தன. அவ்வாண்டில் அவர் 150 முறை பந்தை ஏந்த வேண்டியிருந்தது. 823 கஜம் முன்னேறினார். மூன்று பருவங்களிலும் சேர்த்து அவர் ஓடிக் கடந்த தொலைவு 2,386 கஜம். அவர் அடித்த டச்டவுன்கள் 35. பெற்றுத் தந்த புள்ளிகள் 220. ஜிம் பிரவுன் அப்பல்கலைக்கழகத்தில் நிலைநாட்டியிருந்த சாதனைகளை 44ஆம் எண் சட்டையின் அடுத்த உரிமையாளர் முறியடித்தார்.

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் ஆண்டுதோறும் தலைசிறந்த வீரருக்கு வழங்கப்படுவது ஹெய்ஸ்மேன் கோப்பை. 1935ஆம் ஆண்டு முதல் அது வழங்கப்பட்டு வருகிறது. 1960ஆம் ஆண்டு வரை அதனைப் பெற்ற 26 பேரும் வெள்ளையரே. இணையற்ற வீரரான ஜிம் பிரவுனுக்கும்கூட 1956ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் ஐந்தாம் இடமே கிட்டியது. 1961ஆம் ஆண்டில் அந்நிலை மாறியது. ஓகைய மாநிலப் பல்கலைக்கழகத்தின் பாப் ஃபெர்குசனைச் சிறிய வேறுபாட்டில் முந்தி, டேவிஸ் அக்கோப்பையை வென்றார். ஹெய்ஸ்மேன் கோப்பையைப் பெற்ற முதல் கறுப்பின வீரர் அவரே.

கோப்பையைப் பெற அவர் நியூயார்க் நகருக்குச் சென்றபோது, குடியரசுத் தலைவர் ஜான் எஃப். கென்னடியும் அந்நகரில் இருந்தார். டேவிஸைக் காண விரும்பிய அவர், நேரில் சந்தித்துக் கைகுலுக்கிப் பாராட்டினார். விருந்திலிருந்து வெளியேறுமாறு கூறப்பட்டவருடன் இரண்டு ஆண்டுகள் நிறைவதற்குள் நாட்டின் தலைவரே விரும்பிக் கைகுலுக்கினார்.

அதே டிசம்பர் மாதத்தில் 'லிபர்ட்டி பௌல்' ஆட்டத்தில் மயாமி பல்கலைக்கழகத்தை எதிர்த்துச் சிராக்கியூஸ் ஆடியது. தொடக்கத்தில் 14 புள்ளிகள் பின்தங்கிய அணி, இறுதியில் 15க்கு 14 என்னும் கணக்கில் வென்றது. டேவிஸ் அன்று 140 கஜம் ஓடினார். அதுவே அவரது கடைசிக் கல்லூரி ஆட்டம்.

முதல் தேர்வு

தொழில்முறை அணிகள் ஆண்டுதோறும் கல்லூரி வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும். முந்தைய பருவத்தில் மிகவும் பின்தங்கிய அணிக்கே முதல் வாய்ப்பு தரப்படும். அவ்வாறு முதலில் தேர்ந்தெடுக்கப்படுவது ஒரு கல்லூரி வீரருக்குப் பெருஞ்சிறப்பு. அத்தேர்வில் முதல் வாய்ப்பைப் பெற்ற வாஷிங்டன் அணி டேவிஸைத் தேர்ந்தெடுத்தது. முதலிடத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பின வீரரும் அவரே ஆனார்.

வாஷிங்டன் அணிதான் அந்நாளில் கறுப்பின வீரர் எவரையும் சேர்க்காத ஒரே தொழில்முறை அணி. அதன் உரிமையாளர் அவ்வழக்கத்தை விட மறுத்துவந்தார். ஆனால், அவ்வணி ஆடவிருந்த புதிய அரங்கம் அரசு நிலத்தில் அமைந்திருந்தது. பாகுபாடு தொடர்ந்தால் அரங்கைப் பயன்படுத்த இயலாது என்று கென்னடி அரசு எச்சரித்தது. அதன் பின்னரே வாஷிங்டன் அணி தன் வழக்கத்தை மாற்றிக்கொண்டது.

டேவிஸ் வாஷிங்டன் அணிக்காக ஆடவில்லை. அவ்வணி அவரைக் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணிக்கு மாற்றிக் கொடுத்தது. அதற்கு ஈடாகப் பாபி மிட்செல், லீராய் ஜாக்சன் ஆகிய இருவரையும் பெற்றது. அவ்விருவரும் கறுப்பினத்தவரே. பாபி மிட்செல் பின்னாளில் வாஷிங்டன் அணியின் புகழ்மிக்க வீரரானார். டேவிஸ் களம் இறங்காமலே, ஓர் அணியின் அடைத்த கதவு திறக்க அவரது தேர்வு காரணமாயிற்று.

கிளீவ்லாந்து அணியில்தான் ஜிம் பிரவுன் ஆடிக்கொண்டிருந்தார். சிராக்கியூஸின் 44ஆம் எண் சட்டையை அணிந்த இருவரும் ஒரே அணியில் தோளோடு தோள் நின்று ஆடுவதைக் காண மக்கள் காத்திருந்தனர். புதிய அணியில் டேவிஸுக்கு 45ஆம் எண் சட்டை அளிக்கப்பட்டது.

ஆடாத ஆட்டம்

1962ஆம் ஆண்டு கோடையில், கல்லூரிப் படிப்பை முடித்த சிறந்த வீரர்கள் தொழில்முறைச் சாம்பியன் அணியுடன் சிகாகோ நகரில் மோதும் ஆட்டத்திற்காக டேவிஸ் பயிற்சி பெற்றுவந்தார். அப்போது அவர் உடல்நலம் குன்றியது. மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவரைத் தாக்கியிருந்தது கடுமையான இரத்தப் புற்றுநோய். அக்காலத்தில் அதனை முற்றிலும் நீக்கும் மருத்துவம் இல்லை.

முழு உண்மையும் இலையுதிர் காலத்தில்தான் அவருக்குத் தெரிவிக்கப்பட்டது. மருந்துகளால் நோய் சிறிதுகாலம் தணிந்தது. அவரை ஆட விடலாமா என்னும் கேள்வி எழுந்தது. பயிற்சியாளர் பால் பிரவுன் அதற்கு இசையவில்லை. கிளீவ்லாந்து அணியின் ஆட்டம் ஒன்றுக்கு முன்னர், விளக்கொளி சூழ டேவிஸ் களத்தில் அறிமுகப்படுத்தப்பட்டார். மக்கள் ஆரவாரித்தனர். தொழில்முறைக் களத்தில் மக்கள் அவரை வரவேற்றது அந்த ஒருமுறைதான். ஓர் ஆட்டத்தில்கூட அவர் பங்கேற்கவில்லை.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று பலரும் வருந்தினர். டேவிஸோ வேறுவிதமாக எண்ணினார். 1963ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் புகழ்பெற்ற அமெரிக்க வார இதழ் ஒன்றில் அவர் பெயரில் ஒரு கட்டுரை வெளிவந்தது. தாம் நற்பேறு அற்றவர் அல்லர் என்பதே அக்கட்டுரையின் சாரம். வாழ்க்கையில் தமக்குக் கிடைத்த நன்மைகளைத் திரும்பிப் பார்த்து, இறுதியில் வந்த நோயை மட்டும் கொண்டு தம் வாழ்க்கையை அளப்பது முறையன்று என அவர் கருதினார்.

இஃது ஆறுதலுக்காகக் கூறிய சொல் அன்று. அவர் ஓடிய 2,386 கஜமும் உண்மை. டல்லாஸில் பெற்ற வெற்றி உண்மை. பெற்ற பட்டமும், வென்ற கோப்பையும், தமக்குப் பின் வருவோர்க்குத் திறந்த வழியும் உண்மை. தொழில்முறை ஆட்டம் வராததால் அவற்றுள் ஒன்றுகூடக் குறையவில்லை. பிறர் படிக்கட்டு எனக் கருதிய கல்லூரிக் காலமே அவருக்கு முழுமையான ஆடுகளமாக அமைந்தது. அங்கே அவர் எதையும் மிச்சம் வைக்காமல் ஆடியிருந்தார்.

அவ்வாண்டுத் தொடக்கத்தில் எல்மைரா நகர மக்கள் அவருக்குப் பாராட்டு விழா எடுத்தனர். குடியரசுத் தலைவர் கென்னடி வாழ்த்துத் தந்தி அனுப்பினார். ஆடுகளத்திலும் அதற்கு வெளியிலும் டேவிஸ் கடைப்பிடித்த உயர்ந்த ஒழுக்கத்தை அத்தந்தி போற்றியது.

1963ஆம் ஆண்டு மே மாதம் நோய் மீண்டும் முற்றியது. மருத்துவமனையில் சேர்வதற்கு முன்னர், டேவிஸ் கிளீவ்லாந்து அணியின் அலுவலகத்திற்குச் சென்று உரிமையாளர் ஆர்ட் மாடலைக் கண்டு பேசிவிட்டு வந்தார். மே 18ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார். அப்போது அவருக்கு வயது 23.

தொடரும் எண்

எல்மைராவில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு அவருக்கு இறுதி மரியாதை செலுத்தினர். அந்நகரின் உட்லான் இடுகாட்டில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. அவர் பயின்ற பள்ளிக் கட்டடத்திற்குப் பின்னர் அவர் பெயரே சூட்டப்பட்டது. ஓர் ஆட்டத்திலும் அணியப்படாத 45ஆம் எண் சட்டையைக் கிளீவ்லாந்து அணி வேறு எவருக்கும் வழங்குவதில்லை என முடிவு செய்தது. 1979ஆம் ஆண்டில் கல்லூரிக் கால்பந்துப் புகழரங்கில் அவர் பெயர் இடம்பெற்றது.

44ஆம் எண்ணின் கதை அத்துடன் முடியவில்லை. ஜிம் பிரவுன் தம்மை அழைத்ததைப் போலவே, டேவிஸும் ஓர் இளைஞரைச் சிராக்கியூஸுக்கு அழைத்திருந்தார். அவர் பெயர் ஃபிளாய்ட் லிட்டில். அவருக்கு வேறு கல்லூரிகளின் அழைப்புகளும் இருந்தன. டேவிஸின் மறைவுச் செய்தியைக் கேட்ட பின்னர், லிட்டில் தயக்கத்தை விடுத்துச் சிராக்கியூஸையே தேர்ந்தெடுத்தார். 44ஆம் எண் சட்டையை அணிந்தார். அவரும் சிறந்த வீரராகப் புகழ்பெற்றார். ஒருவர் அழைக்க ஒருவர் வந்து, வந்தவர் மற்றொருவரை அழைத்த அத்தொடர்ச்சியின் நடுவில் நின்றவர் எர்னி டேவிஸ். சிறுவயதில் சொற்கள் திக்கிய அவரது அழைப்பு, அவர் மறைந்த பின்னும் ஓர் இளைஞரின் செவியில் தெளிவாகக் கேட்டது.

தெரிந்து தெளிவோம்

• சிராக்கியூஸ் பல்கலைக்கழகத்தின் அஞ்சல் குறியீட்டு எண் 13244. 44ஆம் எண்ணின் நினைவாகவே இக்குறியீடு பெறப்பட்டது. 2005ஆம் ஆண்டில் அப்பல்கலைக்கழகக் கால்பந்து அணி அவ்வெண்ணுக்கு ஓய்வு அளித்துச் சிறப்பித்தது.

• எர்னி டேவிஸ் அடக்கம் செய்யப்பட்ட உட்லான் இடுகாட்டில்தான் புகழ்பெற்ற எழுத்தாளர் மார்க் ட்வைனின் உடலும் அடக்கம் செய்யப்பட்டுள்ளது.

சொல்லும் பொருளும்

கஜம் – மூன்று அடி நீளம்
தறுவாய் – ஒன்று நிகழவிருக்கும் வேளை
இசைதல் – உடன்படுதல்
ஈடு – ஒன்றுக்கு மாற்றாகத் தரப்படுவது
சாரம் – கருத்தின் சுருக்கம்
நற்பேறு – நல்வாய்ப்பு
இயற்கை எய்துதல் – இறத்தல்

கற்பவை கற்றபின்

1. ஊர் மாறி வாழ நேர்ந்தபோது பெற்ற அனுபவத்தைப் பாட்டியிடமோ பாட்டனிடமோ கேட்டறிந்து, பத்துத் தொடர்களில் தமிழில் எழுதுக.

2. டேவிஸ் மூன்று பருவங்களில் ஓடிய கஜங்களைக் கூட்டிச் சரிபார்க்க. ஒரு கஜம் ஏறக்குறைய 0.91 மீட்டர் எனக் கொண்டு, அத்தொலைவை மீட்டரில் கணக்கிடுக.

3. கபடிக்கும் அமெரிக்கக் கால்பந்துக்கும் உள்ள ஒற்றுமை வேற்றுமைகளை வகுப்பில் கலந்துரையாடுக.

மதிப்பீடு

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. எர்னி டேவிஸ் பன்னிரண்டாம் வயதில் குடிபெயர்ந்த நகரம் ______.
(அ) டல்லாஸ் (ஆ) எல்மைரா (இ) சிகாகோ (ஈ) கிளீவ்லாந்து

2. 'பெருஞ்சிறப்பு' என்னும் சொல்லைப் பிரித்து எழுதக் கிடைப்பது ______.
(அ) பெரும் + பிறப்பு (ஆ) பெருமை + சிறப்பு (இ) பேர் + சிறப்பு (ஈ) பெரு + பரப்பு

3. நன்மை + பேறு என்பதைச் சேர்த்து எழுதக் கிடைக்கும் சொல் ______.
(அ) நன்பேறு (ஆ) நல்பேறு (இ) நற்பேறு (ஈ) நன்மைபேறு

ஆ. கோடிட்ட இடங்களை நிரப்புக.

1. பந்துடன் எதிரணியின் முனைக்கோட்டைக் கடப்பது ______ எனப்படும்.
2. டேவிஸ் ஹெய்ஸ்மேன் கோப்பையை வென்ற ஆண்டு ______.
3. டேவிஸின் அழைப்பை ஏற்றுச் சிராக்கியூஸில் சேர்ந்தவர் ______.

இ. சொற்றொடரில் அமைத்து எழுதுக.

1. தோளோடு தோள்
2. அரும்பாடு
3. மிச்சம் வைக்காமல்

ஈ. குறுவினா

1. டேவிஸுக்கு 44ஆம் எண் சட்டை வழங்கப்பட்டதன் சிறப்பு யாது?
2. டல்லாஸ் விருந்தில் டேவிஸிடம் கூறப்பட்ட செய்தி யாது?
3. வாஷிங்டன் அணி தன் வழக்கத்தை மாற்றிக்கொள்ளக் காரணம் யாது?

உ. சிறுவினா

1. கிரீன்ஸ்பரோ நகர மாணவர்களின் போராட்டத்தை விளக்குக.
2. டேவிஸின் தேர்வு, ஓர் அணியின் அடைத்த கதவைத் திறந்தது எவ்வாறு?

ஊ. சிந்தனை வினா

"கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை" என்னும் பழமொழி எர்னி டேவிஸின் வாழ்க்கைக்குப் பொருந்துமா? பொருந்தும் என்போர் ஓர் அணியாகவும் பொருந்தாது என்போர் மற்றோர் அணியாகவும் பிரிந்து வாதிடுக. பின்னர், உம் கருத்தைக் காரணங்களுடன் ஒரு பக்க அளவில் எழுதுக.